ஸ்கோனைப் பிய்ப்பதா, வெட்டுவதா?

கேள்வி: குன்னூரில் பழைய பங்களா ஒன்றில் ஆங்கிலேய பாணியில் நடத்தப்படும் டீ ரூமுக்கு என் மாமியாரை அழைத்துச் சென்றிருந்தேன். மூன்றடுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது, ஸ்கோன் என்னும் சிறு வட்ட ரொட்டியைப் பிய்ப்பதா வெட்டுவதா என்று புரியாமல் இருவரும் விழித்தோம். மெனுவில் அதற்கு 'ஹை டீ' என்று பெயர் போட்டிருந்தது. முறைதான் என்ன?
– வாசகி, வெலிங்டன்

பதில்: கீழ்த்தட்டிலிருந்து மேலே போவது வழக்கம்: முதலில் சாண்ட்விச், அடுத்து ஸ்கோன், கடைசியில் கேக். இலையின் ஓரத்தில் இனிப்பை முதலில் வைத்துப் பழகிய உங்கள் மாமியார் நேரே கேக்கில் கை வைத்திருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நன்றாக வெந்து எழும்பிய ஸ்கோனின் இடுப்பில் ஒரு வெடிப்பு ஓடும். அந்த இடத்தில் விரலால் பிளந்தால் இரண்டு வட்டங்களாகப் பிரிந்துவிடும். கத்தி தடவுவதற்கு மட்டுமே. தடவ வேண்டியவை ஜாமும் 'க்ளாட்டட் க்ரீ'மும். கொழுத்த பாலேட்டை மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்திருந்து, ஆறவிட்டுத் திரட்டும் இந்தக் க்ரீம் நம் பாலாடைக்கு நெருங்கிய உறவு. க்ரீமைத் தடவி அதன்மேல் ஜாம் வைப்பவர்கள் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தார். ஜாமைத் தடவி அதன்மேல் க்ரீம் வைப்பவர்கள் பக்கத்துக் கார்ன்வால்காரர்கள். வடகலை, தென்கலை நாமச் சண்டைக்குக் குறையாத இந்த வழக்கில் நீங்கள் எந்தக் கட்சியிலும் சேரலாம்.

பெயரில்தான் எனக்கு மனத்தாங்கல். நீங்கள் சாப்பிட்டது 'ஆஃப்டர்நூன் டீ'. இரவுச் சாப்பாடு நேரங்கழித்து வந்த காலத்தில், 1840 வாக்கில், பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா பிற்பகல் பசிக்கு வரவழைத்த சிற்றுண்டியிலிருந்து பரவியதாகச் சொல்லப்படுவது அது. நம் நாலு மணி டிபன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஹை டீ' என்பதோ, ஆலை வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளிக் குடும்பங்கள் இறைச்சியும் ரொட்டியுமாக வயிறு நிறைய உண்ட மாலைச் சாப்பாடு. பெயர் பெருமிதமாக ஒலிப்பதால் விடுதிகள் அதைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கின்றன.

கேள்வி: இத்தகைய இடங்களில் டீ பாட்டுக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக் கொண்டுவருகிறார்களே, அலங்காரத்துக்கா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: உங்கள் ஊருக்கு அது அலங்காரம் அன்று. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. வீட்டில் டஸ்ட் டீயைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடுவதால் நமக்கு இந்தக் குறை தெரிவதில்லை. டீ ரூமில் தருவதோ பெரும்பாலும் முழு இலைத் தேயிலை. அடுப்பை விட்டு இறங்கிய நீரில் நான்கைந்து நிமிடம் ஊறியே சாறு இறங்க வேண்டும். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் இருக்கிற சூடும் போய்விடும். எனவே பாட்டை முதலில் வெந்நீரால் அலசிச் சூடேற்றி, பிறகு இலையும் நீரும் இட்டுக் குல்லாயை மாட்டுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ரூமில், ஒன்றோடொன்று சேராத கோப்பைகளுக்கு நடுவே, பெட்டைக்கோழி வடிவில் பின்னிய குல்லாய் ஒன்றைப் பார்த்தேன். வால் பக்கம் வேறு நிற நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. கொண்டையைப் பிடித்துத் தூக்கலாம் என்று நினைத்தேன். கொண்டைக்குள்ளிருந்த ஓட்டை வழியே வந்த ஆவி விரலைச் சுட்டுவிட்டது. அடியைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டுமாம்.

கேள்வி: டீ ரூமில் நம் அடுக்கு பிஸ்கட்டான வர்க்கியைக் கேட்டால் சிரிப்பார்களா?
– வாசகர், அருவங்காடு

பதில்: ஏன் சிரிக்க வேண்டும்? ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. டீயில் தோய்ப்பதை மட்டும் ஆங்கிலேய மேசை நாகரிகம் அவ்வளவாக விரும்பாது. ஆனால் தோய்க்காமல் கடித்தால் வர்க்கி அடுக்கடுக்காக உதிர்ந்து மேசை விரிப்பெல்லாம் தூளாகும். ஆகவே தயங்காமல் தோயுங்கள்.