பறியில் விழுந்த பொடி மீன்களை எப்படி இனம் காண்பது?

விரால் தூண்டிலுக்கு இரை பிடிக்கப் பர்மாவின் பெகு பக்கத்து வயல் வாய்க்காலில் பறி (மீன் பிடிக்கும் கூடை) வைத்தேன், ஐந்தாறு வகைப் பொடி மீன் விழுந்தன, எது எதுவென்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்கத் தவிட்டு உருண்டை போட்டுப் பறி வைப்போம் என்பதால் சொல்கிறேன்.

நிறத்தை நம்பாதீர்கள். கலங்கல் தண்ணீரில் கிடந்த மீன் வெளிறித்தான் இருக்கும். மீசை, முதுகுத் துடுப்பு, செவுள் மூடி, இவற்றைப் பாருங்கள்.

கறுப்பாக, வழவழவென்று நெளிகிற மீசைக்காரன் இருந்தால் வெறுங்கையை உள்ளே விடவே வேண்டாம். அது ஙாகூவாகவும் இருக்கலாம், ஙாஜீயாகவும் இருக்கலாம், இரண்டும் கெளுத்தி வகைகளின் பர்மியப் பெயர்கள். இரண்டுக்கும் நாலு ஜோடி மீசை, எண்ணிப் பயனில்லை. தட்டில் தண்ணீரோடு விட்டு மேலிருந்து பாருங்கள். ஙாகூவுக்கு முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடும். ஙாஜீக்கு முன்பக்கம் விரல் நகத்தளவு ஒரு துடுப்பு, அப்புறம் முதுகு மொட்டை. தமிழ்நாட்டில் தேளி என்பது இதைத்தான். செவுளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள முள்ளில் விஷம். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், அந்த விஷம் சூட்டில் கெடும். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போய்விடுங்கள். மோஹிங்காவுக்கு, அதாவது பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸுக்கு, போவது ஙாகூ. குஞ்சாக விழுந்தால் நான் திரும்ப விட்டுவிடுவேன்.

வெள்ளிப் பொடிகளில் வால் தொடங்கும் இடத்தில் உருண்டையாகக் கரும்பொட்டு இருந்தால் கெண்டைப்பொடி, இங்கே ஙாகொன்மா. மெலிந்த உடம்பும், பாதி உடம்பு வரை நூலாக நீளும் மீசையும் இருந்தால் அது வேறு இனம், நன்றாகத் துள்ளும். உடம்புக்குள் எலும்பு தெரிந்தால் கண்ணாடி மீன், இரைக்குத் தாங்காது.

செவுள் மூடி ஓரம் ரம்பம் மாதிரி விரலைக் கீறினால் பனையேறிக் கெண்டை. காற்றையும் சுவாசிக்கும், அதனால் தண்ணீரில்லாமலும் வெகுநேரம் கிடக்கும். வாளியை மூடி வைக்காவிட்டால் காலையில் திண்ணையில் தேட வேண்டியதுதான். தூண்டிலில் நெடுநேரம் உயிரோடு இருக்கும் என்றாலும், முள் தொல்லை. என் ஓட்டு கெண்டைப்பொடிக்கு.

செம்மஞ்சளாகக் குஞ்சுகள் கூட்டமாக விழுந்தால் அவை விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே காவல் நிற்கும். குஞ்சை விட்டுவிட்டுப் பறியை வேறிடம் மாற்றுங்கள்.

இன்னும் சந்தேகமென்றால் படம் போடுங்கள். கையில் பிடித்து வேண்டாம், வெள்ளைத் தட்டில் பக்கவாட்டில், முதுகுத் துடுப்பு தெரிகிற மாதிரி.