இரத்தப் பரிசோதனையில் தெரியாத மரபணு மாற்றம் வலிப்பை உண்டாக்குமா?

கேள்வி: எங்கள் ஆறு வயது மகளுக்கு இரண்டு மருந்துகள் கொடுத்தும் வலிப்பு கட்டுப்படவில்லை. இரு குடும்பத்திலும் யாருக்கும் வலிப்பு இல்லை. இரத்தத்தில் செய்த மரபணுப் பரிசோதனையிலும் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மூளைச் செல்களில் மரபணு மாற்றம் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். இது எப்படி? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: பரிசோதனை முடிவும் மருத்துவர் சொல்வதும் முரண்பட்டவை அல்ல. கருமுட்டை அல்லது விந்தணு வழியாக வரும் மாற்றம் உடலின் எல்லாச் செல்களிலும் இருப்பதால் இரத்தத்திலும் தெரியும். ஆனால் கரு உருவான பின்னர், மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணியை உண்டாக்கும் முன்னோடிச் செல் ஒன்று பிரியும்போது டிஎன்ஏவில் பிழை நேர்ந்தால், அதன் வழிவந்த செல்களில் மட்டுமே அப்பிழை தங்கும். இரத்தம் அந்த வழியில் வந்ததல்ல.

இத்தகைய பிழைகள் பெரும்பாலும் செல்லின் வளர்ச்சியை நிர்வகிக்கும் எம்டார் (mTOR) எனும் சமிக்ஞைப் பாதையின் மரபணுக்களில் காணப்படுகின்றன. அப்பாதையைத் தூண்டும் மரபணு மிகையாக இயங்கினாலும், அடக்கும் டிஎஸ்சி1 (TSC1), டிஎஸ்சி2 (TSC2) போன்ற மரபணுக்கள் செயலிழந்தாலும், நியூரான்கள் எனும் நரம்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, தமக்குரிய அடுக்கில் அமையாமல், புறணியின் ஒரு பகுதி சீர்குலைந்துவிடுகிறது. வலிப்புக்காகச் செய்யும் மூளை அறுவையில் எடுத்த இப்பகுதியின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒழுங்கற்ற பெரிய நியூரான்களும், சிலரிடம் உப்பிய பலூன் செல்களும் தெரியும். அத்திசுவிலும் பிழையுள்ள செல்கள் சில சதவீதமே இருக்கக்கூடும். ஆயினும் அவை அண்டைச் செல்களையும் கட்டுமீறித் தூண்டுவதால் வலிப்பு தொடங்க அதுவே போதும்.

கருவுற்ற பின் நேர்ந்த பிழை என்றால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் எம்டார் பாதையை அடக்கும் டெப்டிசி5 (DEPDC5) போன்ற மரபணுக்களில் ஒரு பிழை பரம்பரையாக வந்து, மூளையில் இரண்டாவது பிழை சேர்வதும் உண்டு. ஆகவே கருத்தரிக்கும் முன் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

இப்போது முக்கியமானது வேறு. தகுந்த இரு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு கட்டுப்படாவிட்டால், மூன்றாவது மருந்துக்காக மட்டும் காத்திராமல், மூளை அறுவை உதவுமா என்று ஆராயும் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதே என் கருத்து. சிறிய சீர்குலைவு சாதாரண ஸ்கேனில் எளிதில் தவறிவிடும் என்பதால், வலிப்புக்கென வகுத்த முறையில் 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அளவு) எம்ஆர்ஐ எடுத்து, அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள். அதுவரை மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மரபணுவை அறிவதற்காக மட்டும் மூளைத் திசுவை எடுப்பதில்லை. அறுவை முடிவானால், எடுக்கும் திசுவில் ஒரு பகுதியை உறையவைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்ப இயலுமா என்று முன்னதாகவே கேட்டுவையுங்கள்.