க்யூஆர் அனுப்பும் ‘மேஜர்’, மானியம் தரும் ஏபிகே: இணைய மோசடி கேள்வி – பதில்

கேள்வி: குன்னூரில் இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெலிங்டனுக்கு மாற்றலாகி வரும் மேஜர் என்று ஒருவர் போனில் பேசி, குடும்பத்துக்கு நான்கு நாள் அறை கேட்டார். அட்வான்ஸுக்காக ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்கிறார். நம்பலாமா? – வாசகி, குன்னூர்

பதில்: ஸ்கேன் செய்யாதீர்கள். பிறர் அனுப்பும் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் எந்த ஆப்பிலும் தேவையில்லை.

வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையமும் ஸ்டாஃப் காலேஜும் இருப்பதால், ‘மேஜர்’ என்றதும் குன்னூர்க்காரர்கள் சந்தேகப்படுவதில்லை. மோசடிக்காரர் அதைத்தான் பயன்படுத்துகிறார். நீங்கள் கேட்காமலேயே சீருடைப் படமும் அடையாள அட்டையும் வரும். அவை வேறு யாரிடமோ திருடியவை. அடுத்து, “ராணுவக் கணக்கு இப்படித்தான் வேலை செய்யும், முதலில் 5 ரூபாய் அனுப்புங்கள்” என்பார். அனுப்பினால் 10 ரூபாய் உண்மையாகவே திரும்பி வரும். அந்த 10 ரூபாய்தான் தூண்டில். பிறகு பெரிய தொகைக்கான கோடு வரும். யோசிக்க நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காக அழைப்பைத் துண்டிக்கவே விடமாட்டார். பூட்டை உடைக்காமல், சாவி வைத்திருப்பவர் கையாலேயே திறக்க வைக்கும் இந்த வேலைக்குத்தான் சோஷியல் இன்ஜினியரிங் என்று பெயர்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் யுபிஐ ஐடியையோ, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் மட்டுமோ கொடுத்து, “இதில் போடுங்கள், வங்கியிலிருந்து மெசேஜ் வந்ததும் அறையை உறுதி செய்கிறோம்” என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள். வெலிங்டன் பக்கத்தில்தானே, ஆளிடம் ரொக்கமாகக் கொடுத்தனுப்பச் சொல்லலாம். உண்மையான விருந்தினருக்கு இதில் சிரமமில்லை. புக்கிங் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, அதில் சேருவதை அவ்வப்போது வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தவறி ஒரு பின் போட்டுவிட்டாலும் அதில் இருக்கும் சில நூறு ரூபாயோடு போகும்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கி, கணக்கு எண் கையில் இருக்கட்டும். மோசடிப் பணம் நிமிடங்களில் பல கணக்குகளுக்குத் தாவும். இடையில் ஏதாவதொரு கணக்கில் இருக்கும்போதே முடக்கினால்தான் மீளும். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருப்பது மோசடிக்காரருக்கு நாம் கொடுக்கும் அவகாசம். ஏமாந்ததில் உங்கள் குற்றம் எதுவுமில்லை, தயங்காமல் அழையுங்கள். வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் புகார் சொல்லும்வரையிலான இழப்பு அவருடையது. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் கொடுத்த நேரத்துக்கு அத்தாட்சி வாங்கிவையுங்கள்.

கேள்வி: எங்கள் லாட்ஜுக்கு வரும் சிலர், ஊட்டி இ-பாஸுக்கு இணையத்தில் கட்டணம் கட்டியதாகச் சொல்கிறார்களே? – வாசகர், உதகை

பதில்: 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் வருவோருக்கு இ-பாஸ் கட்டாயம், ஆனால் இலவசம். கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. அறை உறுதியானதும் சரியான இணைப்பை நீங்களே விருந்தினருக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பசுந்தேயிலை விலை போடும் வாட்ஸ்அப் குரூப்பில், தெரிந்தவர் எண்ணிலிருந்து ‘பிஎம் கிசான்’ என்று ஒரு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தது. அப்பா அதை இன்ஸ்டால் செய்துவிட்டார். – வாசகர், கோத்தகிரி

பதில்: அனுப்பியவருக்கே அது தெரிந்திருக்காது. இத்தகைய ஆப் ஒரு போனில் புகுந்ததும் அந்த எண்ணிலிருந்து மற்றவர்களுக்குத் தானாகவே போகக்கூடியது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும். கொடுத்திருந்தால் ஓடிபி எல்லாம் திருடனுக்கும் போகும்.

முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங்கையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930. பிறகு செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து நீக்குங்கள். ஐகான் மறைந்திருக்கும் என்பதால் முகப்புத் திரையில் தேட வேண்டாம். நீக்க விடாவிட்டால், நாம் போட்ட ஆப்கள் இயங்காத சேஃப் மோடில் போனைத் திறந்து முயலுங்கள். அதிலும் போகாவிட்டால் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ##002# டயல் செய்து, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால் ரத்து செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றுங்கள். குரூப்பில் அந்த ஃபைலை அட்மினைக் கொண்டு எல்லோருக்கும் அழிக்கச் செய்து, ஏற்கெனவே திறந்தவர்களை இன்றே போனில் அழைத்துச் சொல்லுங்கள்.