ஓட்டு ரகசியம்தான், பெட்டி?

கேள்வி: நான் வசிக்கும் நாட்டில் பல வருடங்களாக ஒரே கட்சி ஆட்சிதான். "இந்தப் பகுதி எங்களுக்குப் போடாவிட்டால் தண்ணீர்க் குழாய் வராது" என்று வீடு வீடாக வந்து சொல்கிறார்கள். நான் யாருக்குப் போட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: மறைவில் தனியாக நின்று போட்டால், உங்கள் ஒரு ஓட்டைக் கண்டுபிடிப்பது கடினம். உங்கள் பகுதி எப்படிப் போட்டது என்பது வேறு விஷயம். மிரட்டலுக்கு அதுவே போதும்.

சிங்கப்பூரில் 1997 தேர்தலின்போது பிரதமர் கோ சொக் தோங், வீடமைப்பு மேம்பாட்டில் ஆளுங்கட்சியை ஆதரிக்கும் பகுதிகளுக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகச் சொன்னார். தொகுதி அளவில் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சிறு வட்டார அளவிலும் ஆதரவு பார்க்கப்படும் என்றார். யார் எப்படிப் போட்டார்கள் என்று தெரியவே வேண்டியதில்லை, எண்ணும் வட்டம் சிறிதாக இருந்தால் சரி. 2006-இல் எதிர்க்கட்சி வசமிருந்த ஹவ்காங் தொகுதிக்கு 10 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), பொத்தோங் பாசிருக்கு 8 கோடி வெள்ளி மேம்பாடு என்று சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு தொகுதியும் அப்போது அசையவில்லை.

அதனால் முதலில் விசாரிக்க வேண்டியது, உங்கள் ஊரில் முடிவு வாக்குச்சாவடி வாரியாக வெளியாகிறதா, பல பெட்டிகளைக் கலந்து எண்ணுகிறார்களா என்பதுதான். கலந்து எண்ணினால் பயத்துக்குக் காரணம் குறைவு. தனியாக எண்ணினாலும், சில நூறு பேர் போடும் இடத்தில் ஒருவர் மறைந்துவிடலாம். மிகச் சிறிய சாவடியில் எல்லோரும் ஒரே பக்கம் போட்டால் மட்டும் எல்லோரும் தெரிந்துவிடுவார்கள்.

வாக்குச்சீட்டைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னால், கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெனிசுவேலாவில் 2018-இல் சாவடி அருகே ஆளுங்கட்சிக் கூடாரம் போட்டு, அரசு உதவிகளுக்கான 'தாயக அட்டை'யைப் பதிவு செய்தார்கள். அதில் தெரிவது நீங்கள் வந்தீர்கள் என்பது மட்டும்தான், யாருக்குப் போட்டீர்கள் என்பது இல்லை. கையெழுத்து அப்படியல்ல. அதே நாட்டில் 2004-இல் அதிபரைப் பதவியிலிருந்து நீக்க வாக்கெடுப்பு கோரிய மனுவில் கையெழுத்திட்டவர்களின் பட்டியல் வெளியாகி, பலர் அரசு வேலையை இழந்தார்கள். பெயரோடு எதிலும் கையெழுத்திடும் முன் நிதானமாக யோசியுங்கள்.

அப்புறம் குழாய். அதை யார் முடிவு செய்கிறார் என்று கேளுங்கள். மெக்சிகோவில் 1988-இல் தொடங்கிய ப்ரொனசோல் என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பணம் அதிபரின் பிடியில் இருந்தது. 1997-இல் வந்த ப்ரொக்ரெசா என்ற ஏழைக் குடும்ப உதவித் திட்டத்தில் குடும்பத்தின் வறுமையை அளந்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் குழாய்த் திட்டத்துக்கும் அப்படி எழுதப்பட்ட தகுதி விதி இருந்தால், தேர்தலுக்கு முன்பே மனு கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கி வையுங்கள். பிறகு வேலை நின்றுபோனால், தகுதி பெற்றது எப்போது, நிறுத்தியது எப்போது என்று காட்ட அந்தத் தேதி கையில் இருக்கும்.