ஏழு பேரும் ஒரு சின்ன கம்பெனியும்: பிடிஎஸ் கேள்வி பதில்

பிடிஎஸ் பற்றிக் கேட்டவர்களில் ரசிகர்களும் உண்டு, ரசிகர்களைப் பெற்றவர்களும் உண்டு. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் தங்கை எந்நேரமும் பிடிஎஸ் பேச்சாகவே இருக்கிறாள். யார் இவர்கள்? முதலில் இருந்து சொல்லுங்களேன்.

தென்கொரியாவைச் சேர்ந்த பாட்டு, நடனக் குழு. மொத்தம் ஏழு பேர். 2013 ஜூன் 13 அன்று 'நோ மோர் ட்ரீம்' என்ற பாட்டோடு மேடை ஏறினார்கள். தலைவர் ஆர்எம், இல்சானில் வளர்ந்தவர். பள்ளிக்கூட வயதிலேயே ராப் எழுதி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தவர். குழுவே அவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. சுகா, டேகு நகரத்துக்காரர்; அவரும் ராப்பர். ஜே-ஹோப், குவாங்ஜூவில் தெரு நடனக் குழுவில் ஆடியவர். ஜிமின், பூசான் கலைப் பள்ளியில் நடனம் படித்தவர். வியும் டேகுதான், ஆடிஷனுக்குப் போன நண்பனுக்குத் துணையாகப் போய், தானே தேர்வாகி வந்தார். ஜின், நடிப்புப் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர். தெருவில் பார்த்துக் கூப்பிட்டார்கள். கடைக்குட்டி ஜங்குக், பூசான். டிவி பாட்டுப் போட்டியில் தோற்ற பிறகு பல கம்பெனிகள் அவரை அழைத்தன. ஆர்எம் ராப் செய்வதைப் பார்த்துப் பிடித்துப்போய் இந்தச் சின்ன கம்பெனியில் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: சியோலிலேயே வளர்ந்தவர் என்று ஏழு பேரில் ஒருவரும் இல்லை. ஊர்ப் பேச்சு வழக்கிலேயே ராப் செய்து ஒரு பாட்டும் போட்டார்கள். ஊரை விட்டு வந்த பிள்ளைகளின் ஏக்கம் அவர்கள் பாட்டில் ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: கொரியப் பாப் என்றாலே கம்பெனி பணம் கொட்டித் தயாரிக்கும் சரக்குதானே? இவர்களும் அப்படித்தானே?

பயிற்சி முறை அப்படித்தான், அதை மறுக்க முடியாது. வருடக்கணக்கில் பயிற்சி, ஒப்பந்தம், கட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் பணம் கொட்டினார்கள் என்பது இவர்கள் விஷயத்தில் உண்மை இல்லை. எஸ்எம், ஒய்ஜி, ஜேஒய்பி ஆகிய மூன்றும்தான் அன்றைய பெரிய கம்பெனிகள். ஜேஒய்பியில் இசையமைப்பாளராக இருந்த பாங் ஷி-ஹ்யுக் வெளியே வந்து 2005-ல் தொடங்கியதுதான் இவர்களுடைய கம்பெனி, பிக் ஹிட். ஒரு கட்டத்தில் மூடிவிடும் நிலைக்கே போன கம்பெனி அது.

நோன்ஹ்யோன்-தோங் என்ற பகுதியில் பையன்களுக்கு ஒரு குடியிருப்பு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பதினேழு பியோங் வீட்டில் ஒன்பது பயிற்சிப் பையன்கள் என்று பிறகு ஒரு பாட்டிலேயே பாடியிருக்கிறார்கள். பதினேழு பியோங் என்பது நம் கணக்கில் சுமார் 600 சதுர அடி. அறிமுகமான பிறகும் ஏழு பேரும் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். பயிற்சிக் காலத்தில் சுகா பகுதி நேரமாக டெலிவரி வேலை பார்த்தார். வண்டி விபத்தில் தோள்பட்டை அடிபட்டது. கம்பெனிக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார்களோ என்று சொல்லாமல் இருந்தார். அந்தத் தோளுக்கு 2020-ல்தான் அறுவை சிகிச்சை நடந்தது. ஜே-ஹோப் ஒரு தடவை விட்டுவிட்டுப் போகவே முடிவு செய்தார். மற்றவர்கள் பேசித் திரும்ப வரவழைத்தார்கள்.

இன்னொரு முக்கியமான வேறுபாடு: ஆர்எம், சுகா, ஜே-ஹோப் மூவரும் முதல் ஆல்பத்திலிருந்தே தங்கள் வரிகளைத் தாங்களே எழுதினார்கள். எழுதிக் கொடுத்ததை மட்டுமே பாடும் குழுவாக இவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

கேள்வி: சின்ன கம்பெனி என்றால் டிவியில் இடம் கிடைத்திருக்காதே. ஆட்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

சரியான கேள்வி. கொரியாவில் வாரா வாரம் டிவி இசை நிகழ்ச்சிகள் உண்டு, கலகலப்பு நிகழ்ச்சிகள் உண்டு. பெரிய கம்பெனிப் பிள்ளைகளுக்கு அங்கே வாசல் திறந்தே இருக்கும். இவர்களுக்கு அந்த வசதி இல்லாததால் இணையத்தை நம்பினார்கள். அறிமுகத்துக்கு ஆறு மாதம் முன்பே, 2012 டிசம்பரில், ட்விட்டரில் கணக்குத் தொடங்கினார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பயிற்சி அறையில் ராத்திரி தனியாக உட்கார்ந்து கேமராவைப் பார்த்து அன்றைய நாளைப் பற்றிப் பேசுவார்கள்: இன்று நடனம் சரியாக வரவில்லை, திட்டு வாங்கினேன், வீட்டு ஞாபகமாக இருக்கிறது என்று. மேடைக்குப் பின்னால் அடிக்கும் கூத்தைச் சின்னச் சின்ன வீடியோவாக யூடியூபில் போட்டார்கள்.

இதைச் செலவில்லாத விளம்பரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். பின்னால் வந்த ரசிகர்கள்கூட ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் போய்ப் பார்க்க முடிந்தது. பிரேசிலில் இருந்த பெண்ணுக்கும் சியோலில் இருந்த பெண்ணுக்கும் கிடைத்தது ஒன்றுதான். ரசிகர்களே உட்கார்ந்து பல மொழிகளில் சப்டைட்டில் போட்டார்கள்.

கேள்வி: ஆரம்பத்திலேயே ஹிட்டா?

இல்லை. முதல் இரண்டு வருடம் இரண்டு பக்கமும் அடி. கம்பெனிகள் பயிற்சி கொடுத்து மேடை ஏற்றும் பாப் கலைஞர்களைக் கொரியாவில் ஐடல் என்பார்கள். ஹிப்-ஹாப் ஆட்கள், மேக்கப் போட்ட ஐடல் பையன்களுக்கு ராப் எதற்கு என்றார்கள். ஐடல் பக்கம் போனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2014 கோடையில் ஒரு டிவி தொடருக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் போனவர்கள், அங்கே ட்ரூபடோர் என்ற சின்ன அரங்கில் ஒரு இலவச நிகழ்ச்சி நடத்தினார்கள். தெருவில் நின்று வருகிறவர் போகிறவர் கையில் நோட்டீஸ் கொடுத்து அழைத்தது இவர்களேதான். அரங்கில் சுமார் இருநூறு பேர். அதே அமெரிக்காவில், 2018 அக்டோபரில், நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானத்தை நிரப்பினார்கள்.

கேள்வி: அப்படியென்றால் திருப்பம் எங்கே? 'டைனமைட்' தானே?

2020-ல் வந்த 'டைனமைட்' பாட்டு என்று பலரும் சொல்வார்கள். நான் 2015 என்பேன். இதில் யார் வந்தாலும் வாதாடத் தயார்.

முதல் மூன்று வெளியீடுகளும் பள்ளிக்கூடத்தைப் பற்றியவை: உன் கனவு என்ன, அது உன் கனவா உன் அப்பா அம்மா கனவா என்று சத்தமாகக் கேட்டார்கள். 2015 ஏப்ரலில் வந்த 'தி மோஸ்ட் பியூட்டிஃபுல் மொமென்ட் இன் லைஃப்' ஆல்பத்தில் அந்தச் சத்தம் அடங்கியது. இளமை அழகானதுதான், ஆனால் எந்த நேரமும் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் உள்ளே வந்தது. 'ஐ நீட் யூ' வீடியோவில் நடனம் இல்லை. ஏழு பையன்கள், ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு காயம், சேர்ந்திருக்கும்போது மட்டும் சிரிப்பு. அந்தக் கதையை அடுத்தடுத்த வீடியோக்களில் வருடக்கணக்கில் நீட்டினார்கள். ரசிகர்கள் துப்பறிவாளர் மாதிரி ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் மே 5 அன்று டிவி இசை நிகழ்ச்சி ஒன்றில் முதல் தடவையாக முதலிடம் கிடைத்தது. அறிமுகமாகி ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து.

வாழ்ந்ததை எழுதினார்கள், அது கேட்பவர்களின் வாழ்க்கையாகவும் இருந்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அதற்கப்புறம் வந்ததெல்லாம் வேகம். 2016 டிசம்பரில் மாமா (MAMA) என்ற கொரிய இசை விருது விழாவில் ஆண்டின் சிறந்த கலைஞர். 2017 பிப்ரவரியில் 'ஸ்ப்ரிங் டே'. பார்க்க முடியாமல் போன ஒரு நண்பனுக்காகக் காத்திருக்கும் பாட்டு அது. 2014-ல் செவோல் கப்பல் மூழ்கி, பெரும்பாலும் பள்ளி மாணவர்களாக 304 பேரைக் கொரியா இழந்திருந்தது. வரிகளில் அந்தப் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் கேட்ட பலர் அந்தப் பிள்ளைகளைத்தான் நினைத்தார்கள். கொரியப் பாட்டுத் தரவரிசையை விட்டு அந்தப் பாட்டு வருடக்கணக்கில் வெளியேறாமல் இருந்ததை வெறும் ரசிகர் பலம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: 'கங்னம் ஸ்டைல்' பாடிய சை முன்பே அமெரிக்காவைக் கலக்கினாரே. இவர்கள் புதிதாக என்ன செய்துவிட்டார்கள்?

சை 2012-ல் பில்போர்ட் ஹாட் 100 என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனார், பெரிய சாதனை. ஆனால் உலகம் அந்தப் பாட்டைத்தான் கொண்டாடியது. பாடியவரின் அடுத்த பாட்டுக்கு அந்த அளவுக்குக் காத்திருக்கவில்லை. அதற்கும் முன்னால், 2009-ல், வொண்டர் கேர்ள்ஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுப் பெண்கள் அமெரிக்காவுக்கே குடிபோய் ஊர் ஊராக மேடை ஏறினார்கள். ஹாட் 100-ல் 76-ம் இடம் வரை தொட்டார்கள்.

பிடிஎஸ் விஷயத்தில் கதை தலைகீழ். இவர்கள் சியோலிலேயே இருந்து கொரிய மொழியிலேயே பாடிக்கொண்டிருந்தார்கள். இழுத்து வந்தவர்கள் ஆர்மி என்று அழைக்கப்படும் ரசிகர்கள். அமெரிக்க வானொலி வேற்று மொழிப் பாட்டை லேசில் போடாது. ஐம்பது மாநிலங்களுக்கும் ஆள் பிரித்துக்கொண்டு, உள்ளூர் நிலையங்களுக்குப் போன் போட்டு, எழுதிக் கேட்டு, போட்டவர்களுக்குப் பூவும் நன்றிக் கடிதமும் அனுப்பினார்கள். 2017 மே மாதம் லாஸ் வேகாசில் பில்போர்ட் விருது விழாவில், ஆறு வருடமாகப் பாடகர் ஜஸ்டின் பீபர் வைத்திருந்த சமூக ஊடகப் பிரிவு விருதை இவர்கள் வாங்கினார்கள். அடுத்த வருடம் 'லவ் யுவர்செல்ஃப்: டியர்', பில்போர்ட் 200 என்ற ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் கொரிய ஆல்பம் ஆனது.

2020 ஆகஸ்டில் கொரோனா முடக்கத்துக்கு நடுவே 'டைனமைட்', முழுக்க ஆங்கிலம், ஹாட் 100-ல் முதலிடம். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த வருடக் கடைசியில் வந்த 'லைஃப் கோஸ் ஆன்'. பெரும்பாலும் கொரிய மொழியில் பாடப்பட்டு ஹாட் 100-ல் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். 2021-ல் 'பட்டர்' மொத்தம் பத்து வாரம் அங்கே உட்கார்ந்தது.

கேள்வி: கிராமி வாங்கினார்களா?

அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமிக்குப் பரிந்துரைகள் வந்தன, விருது வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பெரியவனாகக் கேட்கிறேன் அம்மா. ஆண்பிள்ளைகள் இப்படி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ஆடுவது என்ன பழக்கம்?

ஐயா, கொரியாவில் ஆண்கள் முகத்துக்கு ஒப்பனை செய்வது மேடைக் கலைஞர்களோடு நிற்கும் பழக்கம் அல்ல. சாதாரண இளைஞர்களும் செய்கிறார்கள். நம் கூத்திலும் நாடகத்திலும் அரிதாரம் பூசிய ஆண்கள் எத்தனை பேர்! இவர்கள் மூன்று மணி நேரம் ஓடி ஆடிப் பாடுவதை ஒரே ஒரு முறை முழுதாகப் பாருங்கள். எவ்வளவு உழைப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு புகழ் இருந்தும் ஏன் ராணுவத்துக்குப் போனார்கள்? விலக்குக் கிடைக்கவில்லையா?

தென்கொரியாவில் உடல் தகுதியுள்ள ஆண்கள் எல்லோருக்கும் ராணுவச் சேவை கட்டாயம். தரைப்படை என்றால் பதினெட்டு மாதம். ஒலிம்பிக் பதக்கம், ஆசிய விளையாட்டில் தங்கம், சில சாஸ்திரிய இசைப் போட்டிகளில் பரிசு ஆகியவற்றுக்கு விலக்கு மாதிரி ஒரு சலுகை உண்டு. 2018-ல் கால்பந்து வீரர் சன் ஹியுங்-மின் ஆசிய விளையாட்டுத் தங்கத்தால் அதைப் பெற்றார். பியானோ வாசிப்பவருக்கு உண்டு, பில்போர்டில் முதலிடம் வந்தவருக்கு இல்லையா என்ற விவாதம் நாடாளுமன்றம் வரை போனது. 2020 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். கிடைத்தது விலக்கு அல்ல, முப்பது வயது வரை தள்ளிப்போடும் அனுமதி மட்டும்.

ஜின்னுக்கு 2022 டிசம்பர் 4-ல் முப்பது. அக்டோபர் 15 அன்று பூசானில் இலவசக் கச்சேரி நடத்தினார்கள். இரண்டே நாளில் எல்லோரும் சேவைக்குப் போகிறோம் என்று அறிவிப்பு. டிசம்பர் 13 அன்று ஜின் முதலில் போனார். 2024 ஜூன் 12 அன்று அவர் முகாமை விட்டு வெளியே வந்தபோது மற்றவர்கள் விடுப்பு எடுத்து வந்திருந்தார்கள். ராணுவ வாத்தியக் குழுவில் இருந்த ஆர்எம், சீருடையோடு நின்று சாக்ஸபோனில் 'டைனமைட்' வாசித்து வரவேற்றார். மறுநாளே ஜின் ரசிகர்கள் ஆயிரம் பேரை ஒவ்வொருவராகக் கட்டி அணைத்தார். கடைசியாக, 2025 ஜூன் 21 அன்று, ராணுவத்துக்குப் பதிலாகச் சுகா செய்த பொதுச் சேவையும் முடிந்தது. ஜூலை 1 அன்று ஏழு பேரும் ஒன்றாக நேரலையில் வந்து, 2026 வசந்தத்தில் புது ஆல்பம், பிறகு உலகச் சுற்றுப்பயணம் என்று சொன்னார்கள்.

கேள்வி: நடுவில் பிரிந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே?

2022 ஜூனில் ஒரு விருந்து மேசையில் உட்கார்ந்து, கொஞ்ச காலம் தனித்தனியாக வேலை செய்யப் போகிறோம் என்றார்கள். அதைப் பிரிவு என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் பிரிவைப் பற்றி யோசித்தது 2018 தொடக்கத்தில். புகழின் உச்சிக்குப் போகும்போது. அந்த வருடக் கடைசி விருது மேடையில் ஜின்னே அழுதுகொண்டு சொன்னார். தனித்தனியாகப் போனதும் வீண் போகவில்லை: 2023-ல் ஜிமினும் ஜங்குக்கும் தனிப் பாடல்களால் ஹாட் 100 முதலிடம் தொட்டார்கள்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆல்பம் ஆல்பமாகக் கேட்கிறாள். வாங்கித் தரலாமா?

ஒன்று வாங்கித் தாருங்கள், அவளுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒரே ஆல்பம் பல அட்டைகளில் வரும். உள்ளே யாருடைய புகைப்பட அட்டை இருக்கும் என்பது பிரித்தால்தான் தெரியும். தனக்குப் பிடித்தவர் படம் வரும் வரை வாங்கத் தூண்டும் ஏற்பாடு அது. எனக்கு இந்த முறை பிடிப்பதில்லை. முன்பின் தெரியாதவர்கள் மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்றால் பணம் அனுப்ப வேண்டாம். பாட்டு யூடியூபிலேயே கிடைக்கிறது. முடிந்தால் 'ஸ்ப்ரிங் டே' பாட்டை அர்த்தத்தோடு அவளையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நான் இதுவரை ஒரு பாட்டும் கேட்டதில்லை. எதில் தொடங்கலாம்?

'ஐ நீட் யூ', 'ரன்', 'ஸ்ப்ரிங் டே', இந்த வரிசையில். நடனம் பார்க்க வேண்டும் என்றால் 'ஃபயர்', 'பிளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ்'. 'டைனமைட்' எப்படியும் காதில் விழுந்திருக்கும். ராப் பிடிக்கும் என்றால் சுகா 'அகஸ்ட் டி' என்ற பெயரில் 2016-ல் வெளியிட்டதைக் கேளுங்கள். மன அழுத்தத்தைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாகப் பேசியது கொரிய ஐடல் உலகத்தில் அன்று அபூர்வம். வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.