ரிவெட்டும் எரிபொருள் குழாயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டில் விமானம் கட்டுவது பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். டாலஸ் பக்கம் வசிக்கிறேன், தனியார் விமானி உரிமம் உண்டு. பாகங்களாக (கிட்டாக) வாங்கி நாமே கட்டும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7 என்று முடிவு செய்து, இப்போதைக்கு வால் பகுதிக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறேன். இரண்டு கார் நிற்கும் கராஜ்தான் பட்டறை. என்ஜின் லைகாமிங் ஓ-360, 180 குதிரைத்திறன் என்று எண்ணம்.

என் பயமெல்லாம் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி மேல்தான். பத்தாயிரத்துக்கு மேல் அடிக்க வேண்டும் என்கிறார்கள். பயிற்சித் தகட்டில் அடித்துப் பார்த்தேன். சில தலைகள் சாய்ந்துவிட்டன. ஒன்றைக் கழற்றப்போய் ஓட்டை பெரிதாகிவிட்டது. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தால் எப்போது முடிப்பது? மாற்றாமல் விட்டால் இறக்கை தாங்குமா? எரிபொருள் தொட்டிகளை மட்டும் வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டால், பெரும்பகுதியை நாமே கட்டியிருக்க வேண்டும் என்ற 51 சதவீத விதியில் சிக்கல் வருமா? முதல் பறத்தலை நானே செய்யலாமா? கட்டி முடிக்கும் வரை பறக்க நேரமும் பணமும் மிஞ்சாது என்று தோன்றுகிறது. பெயிண்டை எப்போது அடிப்பது?

கா.ச.

அன்புள்ள கா.ச.,

உங்கள் பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ரிவெட் வேலைதான் அதிக நேரம் எடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் விபத்துகள் வேறு பக்கம் நடக்கின்றன. வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்து அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. என்ஜின் சக்தி இழப்பும், வானில் கட்டுப்பாடு இழப்பும்தான் அதில் முன்னால் நிற்கின்றன. விமானத்தின் தொடக்கப் பறத்தல்களில் விபத்துகள் குவிவதையும் அது காட்டியது. பறப்பதற்கு முன் எரிபொருள் அமைப்பை இயக்கிச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆகவே ரிவெட் பற்றிச் சொல்லிவிட்டு, மீதி இடத்தை எரிபொருளுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

தோல் தகடுகளில் நீங்கள் அடிக்கப்போவது பெரும்பாலும் ஏஎன்426ஏடி3. தண்டு 3/32 அங்குலம் (2.4 மி.மீ.), டிரில் 40-ஆம் எண். உள்சட்டங்களிலும் இறக்கையின் முதன்மை உத்திரமான ஸ்பாரிலும் வரும் ஏஎன்470ஏடி4-க்குத் தண்டு 1/8 அங்குலம், டிரில் 30-ஆம் எண். அடித்து முடித்ததும் உள்பக்கம் உருவாகும் தலை, தண்டைவிட ஒன்றரை மடங்கு அகலமும் தண்டில் பாதி உயரமும் இருக்க வேண்டும். சின்னதற்கு 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம். பெரியதற்கு 4.8, 1.6. ரிவெட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே கணக்குதான்: தகடுகளைக் கடந்து தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு வெளியே நீள வேண்டும். தலை சாய்கிறது என்றால் முதலில் நீளத்தைப் பாருங்கள், பிறகு பின்பக்கம் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டியான பக்கிங் பாரை எந்தக் கோணத்தில் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

தகடு குழிந்துவிடும் என்று பயந்து, ரிவெட் அடிக்கும் கன்னின் காற்றழுத்தத்தைக் குறைத்து நெடுநேரம் தட்டுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஏடி வகை ரிவெட் அடி வாங்க வாங்கக் கடினமாகும். அதற்குப் பிறகு தலை விரியாது, விளிம்பில் கீறல்தான் விடும். இரண்டு மூன்று நொடிகளில் வேலை முடியும்படி, அதே தடிமனுள்ள துண்டுத் தகட்டில் வைத்து அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டு விமானத்துக்கு வாருங்கள். தினமும் வேலை தொடங்கும்போது இதைச் செய்யுங்கள்.

எதை மாற்றுவது, எதை விடுவது? லேசாகச் சாய்ந்திருந்தாலும் தலையின் அகலமும் உயரமும் கேஜில் தேறி, தகடுகள் ஒட்டி நின்றால், கை வைக்காதீர்கள். வரிசையாக நிற்கும் ரிவெட்டுகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று கொஞ்சம் இளைத்திருந்தால் பக்கத்தில் உள்ளவை தாங்கிக்கொள்ளும். தகடுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், தலை மடங்கி ஓட்டையின் விளிம்பு வெளியே தெரிந்தால், தலையில் விரிசல் இருந்தால், அல்லது வெளிப்பக்கத் தலைக்கு அடியில் ஃபீலர் கேஜ் நுழைந்தால் மாற்றத்தான் வேண்டும். தலையின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வையுங்கள். 40-ஆம் எண் டிரில்லைத் தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்குங்கள். ஒரு பின் பஞ்சை அதில் செருகி அசைத்தால் தலை உடைந்து வரும். பின்பக்கம் ஒரு மரத்துண்டால் முட்டுக்கொடுத்துவிட்டு, தண்டை மெதுவாகத் தட்டி வெளியே தள்ளுங்கள். ஓட்டை பெரிதாவது பெரும்பாலும் டிரில்லைத் தண்டு வரைக்கும் இறக்கிவிடுவதால்தான். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். அப்படி ஆகிவிட்டால் என்ஏஎஸ்1097ஏடி4 என்றொரு ரிவெட் இருக்கிறது. தண்டு 1/8 அங்குலம், தலை மட்டும் சின்னது, 3/32-க்குப் போட்ட டிம்பிளிலேயே (தலை தகட்டோடு மட்டமாக அமர அழுத்தும் குழிவு) ஏறக்குறைய உட்கார்ந்துவிடும். ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள். போடும் முன் விளிம்புத் தூரத்தை அளந்துவிடுங்கள். ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை விட்டத்தைப்போல இரு மடங்கு தேவை. 3/32-க்கு 4.8 மி.மீ. போதும், 1/8-க்கு 6.4 வேண்டும்.

சாய்ந்த தலையைவிட நான் பெரிதாக நினைப்பது ஓட்டையின் விளிம்பில் பிசிறு எடுப்பதை. விரிசல் எப்போதும் ஓட்டையின் விளிம்பில்தான் பிறக்கிறது. டிம்பிள் போடும்போது அந்த விளிம்புதான் இழுபடுகிறது. பிசிறு எடுக்கும் டீபர் கருவியை விரலால் லேசாக அழுத்தி இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். பிறகு நகத்தை ஓட்டையின் மேல் இழுத்துப் பாருங்கள். எங்கும் மாட்டக்கூடாது. அதே சமயம் விளிம்பில் பளபளவென்று ஒரு சரிவு தெரிந்தால் அளவுக்கு மீறிவிட்டீர்கள் என்று பொருள். மெல்லிய தகட்டில் அது கத்தி முனையாகி, ரிவெட்டுக்குப் பிடிப்பே இல்லாமல் போகும். விளிம்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023-ல் வான்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததே சான்று. பஞ்ச் செய்வதற்குப் பதிலாக லேசரால் ஓட்டை வெட்டிய பாகங்கள் பலருக்குப் போயிருந்தன. டிம்பிள் போட்டதும் சிலவற்றில் கீறல் விழுந்தது. மாற்றுப் பாகங்கள் தரும் சுமையும் சேர்ந்து அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது, 2024-ல் மீண்டு வந்தது. நீங்கள் புதிதாக வாங்குகிறீர்கள், கவலை வேண்டாம். யாரேனும் பாதியில் விட்ட இறக்கைக் கிட்டை மலிவாகத் தருகிறேன் என்றால், அது 2022, 2023-ல் அனுப்பப்பட்டதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் பற்றி எத்தனையோ சண்டை நடக்கிறது. பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டும் உள்பரப்புகளில் எபாக்சி பிரைமர் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இனி தொட்டி. வெளியே கொடுக்கலாமா என்றால், 51 சதவீத விதி மணிக்கணக்கையோ பணத்தையோ பார்ப்பதில்லை. உருவாக்குதல், பொருத்துதல் என்று வேலைகளைப் பட்டியலிட்டு, அதில் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்காகவோ நீங்களே செய்திருக்க வேண்டும் என்கிறது. நிறுவனமே தொட்டியை அடைத்துத் தரும் குவிக்-பில்ட் இறக்கை, அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ மதிப்பிட்டு ஏற்ற கிட்களில் அடங்கும். அது பாதுகாப்பான வழி. சாதாரணக் கிட்டை வாங்கித் தொட்டியை மட்டும் கூலிக்குக் கொடுத்தால், அந்த உதவியை ஆவணத்தில் காட்ட வேண்டும். உங்கள் விமானத்தைச் சோதித்துச் சான்றளிக்கப்போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். என் பரிந்துரை, தொட்டியை நீங்களே செய்யுங்கள் என்பதுதான். அதற்கு வேண்டியது திறமையைவிடச் சுத்தம்.

தொட்டி அடைப்பு பசை இரண்டு பகுதியாக வரும். எடையில் 10-க்கு 1 என்று டிஜிட்டல் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும், கண் அளவு கூடாது. ஒட்டும் இடத்தை ஸ்காட்ச்-பிரைட் நாரால் தேய்த்து, எம்இகே என்ற கரைப்பானால் துடைத்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை திரும்பத் துடையுங்கள். பி-2 வகைப் பசைக்கு 25 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வேலை நேரம். வெப்பம் ஐந்தரை டிகிரி ஏறினால் அது பாதியாகும். டாலஸ் கோடையில் கராஜ் 36 டிகிரி இருந்தால் அரை மணி நேரம்தான் கிடைக்கும். முப்பது நாற்பது கிராமாகக் கலந்துகொள்ளுங்கள், அல்லது இந்த வேலையை நவம்பருக்குத் தள்ளுங்கள். கெட்டியாகத் தொடங்கிய பசையை இழுத்துப் பூசியதும், எண்ணெய்ப் பசை போகாத தகடும்தான் கசிவுக்கு வழக்கமான காரணங்கள்.

கசிவுச் சோதனையில் கம்பிரஸரை நேராகத் தொட்டியில் மாட்டாதீர்கள். தொட்டி உப்பிப் பாழாகிவிடும். ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தமே போதும், அது சுமார் 70 செ.மீ. தண்ணீர்த் தம்பத்துக்குச் சமம். யு வடிவத்தில் வளைத்த தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி மாட்டினால் அளவியும் அதுவே, அழுத்தம் மீறினால் தண்ணீரைத் துப்பிவிடும் பாதுகாப்பும் அதுவே. எல்லா ரிவெட் வரிசையிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். இரவில் மட்டம் இறங்கியது என்று பதறாதீர்கள். குளிர்ந்தால் காற்று சுருங்கும். காலையில் அதே வெப்பநிலை வந்ததும் பாருங்கள்.

தொட்டியிலிருந்து என்ஜின் வரை போகும் குழாய்களை வேறு யாரிடமும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 3/8 அங்குல அலுமினியக் குழாயின் முனையை 37 டிகிரியில் ஃபிளேர் செய்ய, அதாவது புனல்போல் விரிக்க வேண்டும். கார் கடையில் கிடைக்கும் கருவி 45 டிகிரி, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் கசியும். குழாயை அறுத்ததும் உள்ளே விழுந்த சீவலைக் காற்றாலும் பெட்ரோலாலும் கழுவி வெளியேற்றுங்கள். ஃபிளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அதன் நூலிழை பிய்ந்து போய் வடிகட்டியிலோ கார்புரேட்டரிலோ அடைக்கும். அலுமினியக் குழாயின் நட்டுக்கு 75 முதல் 125 இஞ்ச்-பவுண்டு டார்க் (முறுக்கு விசை). இறுக்கிய நட்டில் அப்போதே டார்க் சீல் என்ற வண்ணப் பசையால் கோடு போடுங்கள். விரலால் மட்டும் முடுக்கிவிட்டு நீங்கள் போனை எடுக்கப் போய் மறந்த நட்டு, கோடு இல்லாததால் பிடிபடும்.

அடுத்தது ஓட்டச் சோதனை. உங்கள் என்ஜினுக்கு 180 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.55 பவுண்டு எரிபொருள், அதன்மேல் பம்ப் அமைப்புக்கு 1.25 மடங்கு: பெருக்கினால் மணிக்கு சுமார் 124 பவுண்டு. கேலனுக்கு 6 பவுண்டு என்று வகுத்தால் 20.6 கேலன், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். மூக்கை மிகச் செங்குத்தாக ஏறும் கோணத்துக்கு உயர்த்தி வைத்து, கார்புரேட்டரில் சேரும் முனையைக் கழற்றி, அளவிட்ட பாத்திரத்தில் விட்டு, மின் பம்பை ஓட்டி நேரம் பாருங்கள். விமானத்தை எர்த் செய்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். இடது தொட்டி, வலது தொட்டி, இரண்டையும் தனித்தனியாக. நிமிடத்துக்கு 1.3 லிட்டர் வராவிட்டால் எங்கோ மடிப்பு, அடைப்பு, அல்லது தொட்டிக்குக் காற்று விடும் வென்ட் துளையில் கோளாறு. எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த அளவில் ஓட்டம் தடுமாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகல் வேலை. இதை விட்டுவிட்டு, ரிவெட் தலையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டி முடித்தவர் என்ற முறையில் ரிப்பேர்மேன் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கொருமுறை நடத்த வேண்டிய பரிசோதனையை அந்த ஒரு விமானத்துக்கு நீங்களே செய்து கையெழுத்திடலாம். வேலை செய்யும் கை தெரியும்படி படங்களோடு நாட்குறிப்பு இருந்தால் இந்தச் சான்றிதழும் 51 சதவீதமும் இரண்டும் சுலபமாகும்.

முதல் பறத்தல். இப்போது சொல்லும் நிலைமையில் நீங்கள் செய்யக்கூடாது. பல ஆண்டு பறக்காத கை, சோதிக்கப்படாத என்ஜின், பழகாத லேசான கட்டுப்பாடு, மூன்றும் ஒரே நாளில் சேரக் கூடாது. கிட்டுக்கான பணத்திலிருந்தே மாதம் ஒருமுறை பறக்க ஒதுக்குங்கள், அதனால் ஒரு வருடம் தள்ளினாலும் பரவாயில்லை. முடிக்கும் தறுவாயில் இன்னொருவரின் ஆர்வியில் ஆசிரியரோடு அந்த வகைக்குப் பழகும் பயிற்சி எடுங்கள். சான்றளித்த என்ஜினும் அதோடு சான்றளித்த புரொப்பெல்லரும் சேர்ந்தால் முதற்கட்டச் சோதனைப் பறத்தல் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. அந்தக் கட்டத்தில் பயணிகளை ஏற்ற முடியாது. தகுதியுள்ள இன்னொரு விமானியை உடன் வைத்துக்கொள்ள எஃப்ஏஏ-வில் ஒரு திட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

புது என்ஜினைத் தரையில் ஓட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். தரையில் குளிர்ச்சிக் காற்று போதாது. சிலிண்டர் சுவர் பளபளத்துப்போய் பிஸ்டன் ரிங் சரியாகப் படியாது, பிறகு எண்ணெய் குடிக்கும். கசிவு, எண்ணெய் அழுத்தம், தீப்பொறி தரும் மேக்னெட்டோ பார்க்கத் தேவையான அளவுக்கு மட்டும் ஓட்டுங்கள். பறக்கத் தொடங்கியதும் முதல் மணி நேரங்களில் 75 சதவீத சக்தியை ஒட்டி வைத்திருங்கள்.

பெயிண்ட் முதற்கட்டச் சோதனை முடிந்த பிறகு அடிக்கலாம், அதுவரை வெறும் அலுமினியம் போதும். எதையாவது கழற்றி மாற்ற நேர்ந்தாலும் மனம் வலிக்காது. அடித்த பிறகு விமானத்தை மறுபடி எடைபோட்டு, வாலின் எலிவேட்டரையும் இறக்கையின் எய்லரானையும் (மூக்கை ஏற்றி இறக்கும், விமானத்தைச் சாய்க்கும் அசையும் பலகைகள்) கழற்றிச் சமநிலை பாருங்கள். கீலுக்குப் பின்னால் ஏறிய பெயிண்ட் எடையே வேகமான பறத்தலில் படபடப்பைக் கிளப்பிவிடும். எலிவேட்டரின் முன் முனையில் உள்ள ஈய எடையை முதலில் வெட்டும்போதே பெயிண்டுக்கென்று கொஞ்சம் அதிகமாக விட்டுவையுங்கள்.

அன்புடன்.