பழைய டெல் கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு: 1050 டிஐயா, 1060ஆ, ஆர்எக்ஸ் 580ஆ?

கேள்வி: ஏதோ ஒரு ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். ஐ5-4570 பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கேம் ஆட ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு தேடுகிறேன். கடையில் மூன்று காட்டினார்கள்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 1060தான் சரி என்கிறார் கடைக்காரர். ஜிடிஏ 5, வாலரன்ட், முடிந்தால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஆட ஆசை. எதை வாங்கலாம்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தருகிற பெட்டியைப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் எந்த கார்டு என்பதை முடிவு செய்யப்போவது அதுதான்.

9020 டவரில் டெல் கொடுத்திருப்பது 290 வாட் எஸ்.எம்.பி.எஸ். அதில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனியாக 6 பின், 8 பின் ஒயர் எதுவும் வராது. ஆக, கார்டு தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 1050 டிஐ சரியாக இந்த 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டு. 1060க்கு 120 வாட், ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட் வேண்டும். உங்கள் பிராசஸர் மட்டுமே 84 வாட் ரகம். அதோடு 580ஐயும், ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாவற்றையும் கூட்டினால் 290ஐத் தாண்டிவிடும்.

"சாட்டா ஒயரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றுகிற கன்வர்ட்டர் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தருகிற சாட்டா பவர் கனெக்டர் ஒன்று 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட் அளவுதான். 8 பின் கனெக்டர் வழியாக ஒரு கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். ஒயர் சூடாகி பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. வீட்டில் வைத்து ஓட்டுகிற மெஷினில் இந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்.எம்.பி.எஸ்ஸை அப்படியே செருக முடியாது. 9020 மதர்போர்டில் வழக்கமான 24 பின்னுக்குப் பதிலாக டெல்லின் சொந்த 8 பின் கனெக்டர் இருக்கிறது. 24 பின்னை அந்த 8 பின்னுக்கு மாற்றுகிற அடாப்டர் ஒயர் ஆன்லைனில் கிடைக்கும். நல்ல பிராண்டில் 450 அல்லது 500 வாட் எஸ்.எம்.பி.எஸ்ஸும் இந்த அடாப்டரும் சேர்த்து ஒரு செலவு. அதைக் கார்டின் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

சரி, இப்போது கார்டுகளுக்கு வருவோம். கடைக்காரர் சொல்கிற 1060 3 ஜிபியை முதலில் தள்ளிவிடலாம். 6 ஜிபி 1060யும் இதுவும் ஒரே கார்டு, மெமரி மட்டும் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 3 ஜிபியில் 1152தான். அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மெமரிதான் உண்மையான தடை. கேமின் டெக்ஸ்ச்சர்கள் (பொருட்களின் மேற்பரப்பாகத் தெரிகிற படங்கள்) 3 ஜிபிக்குள் அடங்காதபோது மீதியை கம்ப்யூட்டரின் ராமிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற மதர்போர்டு ஸ்லாட் பாதை வழியாக அடிக்கடி இழுத்து வர வேண்டும். கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 192 ஜிபி வேகத்தில் வேலை செய்கிறது. அந்தப் பாதையில் கிடைப்பதோ 16 ஜிபிக்கும் குறைவு. விளைவு, சராசரி எஃப்.பி.எஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) நன்றாகத் தெரிந்தாலும் ரெட் டெட்டில் குதிரையைத் திருப்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்து உறைந்து போகும். யூடியூப் வீடியோக்களில் சராசரி எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்குப் பரிந்துரைக்கப்பட்டதே 6 ஜிபி 1060தான். சைபர்பங்க் 2077க்கு 2023இல் திருத்திய பட்டியலில் குறைந்தபட்சத் தேவையாகவே 1060 6 ஜிபி, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி என்று போட்டார்கள். இன்றைக்கு 3 ஜிபி கார்டுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் 1050 டிஐ. 2016 அக்டோபரில் வந்த கார்டு. உழைப்பாளி, சூடாகாது, உங்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸிலேயே ஓடும். வாலரன்ட், ஜிடிஏ 5இன் பழைய பதிப்பு இரண்டுக்கும் தாராளமாகப் போதும். ரெட் டெட்டை செட்டிங்ஸைக் குறைத்து 30 எஃப்.பி.எஸ் சுற்றுவட்டாரத்தில் ஆடலாம். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றப்போவதில்லை என்றால் இதைவிட ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபியைத் தேடச் சொல்வேன். 2019இல் வந்தது, அதுவும் 75 வாட்தான், ஏறக்குறைய கால் பங்கு வேகம் கூடுதல். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1050 டிஐ, 1060 இரண்டும் அடங்கிய பாஸ்கல் வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு கேம் டிரைவர்களை நிறுத்திக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும். 1650 அடுத்த தலைமுறையான டூரிங்கைச் சேர்ந்தது, அதற்கு அந்தக் கத்தரி விழவில்லை. 1650 வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில மாடல்களில் 6 பின் கனெக்டர் இருக்கும். கார்டின் மேல்விளிம்பைப் பார்த்து, கனெக்டர் இல்லாததை வாங்குங்கள்.

இதே 75 வாட்டுக்குள் ஆர்எக்ஸ் 6400 என்று ஒன்று கண்ணில் படலாம். 53 வாட்தான், பெயரும் புதிது. ஆனால் அது நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் 9020 மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் மெஷின் என்பதால் மெமரி நிரம்பினால் வேகம் சரியும். ஆப்டிபிளெக்ஸ் 3020 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதன் எச்81 சிப்செட்டில் கிடைப்பது இரண்டாம் தலைமுறை வேகம்தான்.

எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றத் தயார் என்றால் பதில் தெளிவு: ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. 1060 6 ஜிபிக்கு ஏறக்குறைய சமமான வேகம், 8 ஜிபி மெமரி. 1080பியில் ரெட் டெட்டை நடுத்தர செட்டிங்ஸில் நிம்மதியாக ஆடலாம். டிரைவர் விஷயத்தில் இதுவும் வயதானதுதான். ஏஎம்டி 2023 இறுதியிலேயே இந்த போலாரிஸ் வரிசையைத் தனியாக ஒதுக்கி, அப்டேட்டுகளைக் குறைத்துவிட்டது. இன்டியானா ஜோன்ஸ், டூம் த டார்க் ஏஜஸ் போல ரே ட்ரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டுவது) வசதி கட்டாயம் என்று கேட்கிற புதிய கேம்கள் இங்கே சொன்ன என்விடியா கார்டுகளுக்கும் 580க்கும் எட்டாதவை. நீங்கள் கேட்ட மூன்று கேமுக்கும் அந்தக் கவலை இல்லை.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். 580க்கும் 1650க்கும் 110 வாட் வித்தியாசம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 20 யூனிட் கூடும். பயப்படுகிற அளவு இல்லை. மே மாத வெயிலில் அறை சூடேறுவதுதான் தொந்தரவு. ரேடியான் சாஃப்ட்வேரில் கார்டின் வோல்ட்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்தால் வேகம் குறையாமலே சூடு தணியும்.

கடையில் காட்டும் 580ஐ நன்றாகச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கார்டுகளை ஓட்டி ஈட்டுகிற மைனிங் முடிவுக்கு வரும்வரை 8 ஜிபி 580கள் இரவும் பகலும் ஓடின. மைனிங்கில் ஓடிய கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். மெமரி பழுதாகியிருந்தால்தான் கைவிட வேண்டும். கடையிலேயே கார்டின் விவரங்களைக் காட்டுகிற ஜிபியு-ஸீ சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லுங்கள். ஷேடர் (கோர்) எண்ணிக்கை 2304 என்று இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது பெயரில் 580, உள்ளே கிட்டத்தட்ட அதற்குக் கீழ்ப்படியான ஆர்எக்ஸ் 570. கெட்ட கார்டு என்று சொல்லமாட்டேன், 570 விலைக்குக் கேளுங்கள். 1050 டிஐ என்ற பெயரில் பழைய ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளை பயாஸ் (கார்டுக்குள் பதிந்த மென்பொருள்) மாற்றி விற்பதும் உண்டு. அப்படிப்பட்ட போலிகளில் பலவற்றை ஜிபியு-ஸீ கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுக் காட்டிவிடும். அடுத்து கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கிற ஃபர்மார்க் சாஃப்ட்வேரை பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் வாங்கினாலும் சரி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, ஓட்டிக்காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

எந்த கார்டு எடுத்தாலும் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் போட்டுவிடுங்கள். ஒற்றை ஸ்டிக்கில் ராமின் வேகம் நொடிக்கு 12.8 ஜிபி, இரண்டு போட்டால் இரட்டிப்பு. நான்கு கோர், நான்கு த்ரெட் மட்டுமே உள்ள உங்கள் ஐ5க்கு இது பெரிய ஆறுதல். 580 போட்ட பிறகும் ஜிடிஏவில் நகரத்துக்குள் வேகமாக ஓட்டும்போது இடறினால் காரணம் பிராசஸர்தான். அதே சாக்கெட்டில் ஐ7-4770 உட்காரும்.

வாலரன்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த மெஷினில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருந்தால் அந்த கேம் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் 2.0 பதிப்பைக் கேட்கும். 9020இல் இருப்பது 1.2. எந்த கார்டு போட்டாலும் இது தீராது. விண்டோஸ் 10இல் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வாலரன்ட்டுக்காகத்தான் இந்தச் செலவெல்லாம் என்றால் கார்டு வாங்குமுன் கேமை இன்ஸ்டால் செய்து ஒருமுறை திறந்து பாருங்கள். ஐ5க்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸில் மெதுவாகவாவது ஓடிக் காட்டும்.

மானிட்டரின் பின்பக்கத்தையும் பாருங்கள். விஜிஏ (பழைய அனலாக் கனெக்டர்) மட்டும் இருந்தால் இந்த கார்டுகள் எதிலும் அந்த வெளியீடு கிடையாது, சும்மா பின்னை மாற்றுகிற டிவிஐ கன்வர்ட்டரும் உதவாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு சிக்னலையே மாற்றித் தருகிற கன்வர்ட்டர் வாங்க வேண்டும்.